கொரியாவிலிருந்து வந்த குடும்பம்

மனிதகுலத்தின் கண்ணீரைத் துடைத்தவர்கள் வரலாற்றில் பலருண்டு. ஆனால் குளிரூட்டிய மண்டபத்தில் ரோல்ஸ் பலகாரமும் பிளேன்ரீத் தேநீரும் கொடுத்து, கொரிய நாடகம் போட்டுக் காட்டித் துடைத்த பெருமை மட்டக்களப்பிலுள்ள எங்கள் 'இதயத் தென்றல்' நிறுவனத்தையே சேரும். அதில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் பாக்கியம் எனக்கு.

யுத்தம் முடிந்து இரண்டு வருடமாகியும் சனம் அழுதுகொண்டிருந்தது எங்கள் பணிப்பாளர் அருமைநாயகம் ஐயாவை வருத்தியது. ஆண்டறிக்கையில் 'அழுகை குறைந்துள்ளது' என்று எழுதவேண்டிய காலம் நெருங்கிவிட்டதல்லவா? அப்போதுதான் கொழும்புச் செயலமர்வொன்றில் அவருக்கு அந்த நாடகம் கிடைத்தது. உறவுகளை இழந்த நாலு பேர் ஒரு நூடில்ஸ் கடையில் சந்தித்து, கடைசி அங்கத்தில் ஒரே குடும்பமாகிறார்கள். ஐயா பார்த்து அழுதார். அழுது முடித்ததும் 'திட்ட முன்மொழிவு' எழுதினார்.

அழைக்கப்பட்ட 'பயனாளி'களில் யசோதினியும் நபீஸாவும் இருந்தார்கள். 2004 சுனாமியில் கணவனைப் பறிகொடுத்த யசோதினி, கைக்குழந்தை மேனுகாவோடு பள்ளிக்கூட முகாமுக்கு வந்தவள். அதிர்ச்சியில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பக்கத்துப் பாயில் காத்தான்குடி நபீஸா. கணவனோடு பால்குடிப் பிள்ளையையும் கடல் கொண்டுபோயிருந்தது. பால் கட்டி, வலியில் துடித்துக்கொண்டிருந்தவள், அழுத மேனுகாவை யாரையும் கேளாமல் தூக்கி மடியில் போட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே அடுப்பு. பிள்ளை பேசத் தொடங்கியபோது ஒருத்தியை அம்மா என்றது, மற்றவளை உம்மா என்றது.

2006இல் எங்கள் நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. தங்களுக்கு ஒரே வீடு போதும் என்று இருவரும் வந்து கேட்டார்கள். திட்டத்தில் ஒரு வீட்டை மிச்சப்படுத்தும் அந்தச் சதியை ஐயா அங்கேயே முறியடித்தார். குடும்பமென்றால் இரத்த உறவோ கலியாணப் பதிவோ வேண்டும் என்றும், தமிழாக்களின் வீடுகள் வாவிக்கு மேற்கே வவுணதீவுப் பக்கம், முஸ்லிம் ஆக்களின் வீடுகள் காத்தான்குடிப் பக்கம் என்றும், ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்க்கு மேல் அனுமதியில்லை என்றும் அன்போடு விளக்கினார். பிறகு சண்டை மூண்டது. வாவிப் பாலத்து இராணுவக் காவலரணில் நபீஸாவிடம் போகும் காரணம் கேட்டார்கள். பால் கொடுத்த பிள்ளையைப் பார்க்கப் போவது காரணமாக ஏற்கப்படவில்லை. சண்டை ஓய்ந்த பிறகோ, இரண்டு பஸ் மாறிப் போகக் கையில் காசிருக்கவில்லை.

நாடகத்துக்கு நான்தான் ஒலிவாங்கியில் தமிழ் வாசித்தேன். கடைக்காரி அநாதைப் பெண்ணுக்குக் கோப்பை நீட்டி, "இனி நீ எங்கள் பிள்ளை" என்ற கட்டத்தில் மண்டபமே விம்மியது. ஐயா பூரித்துப்போனார். நபீஸா மட்டும் திரையைப் பார்க்கவில்லை. தன் ரோல்ஸைப் பிய்த்து, வருடக்கணக்கில் காணாத மேனுகாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவ ஆரு?" என்று பிள்ளை கேட்டாள்.

யசோதினி நபீஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் 'பயிற்சி'. அறிமுகமில்லாத ஒருவரின் கையைப் பிடித்து உறவாக ஏற்கவேண்டும். முதலில் கை பிடித்திருந்தவர்கள் யசோதினியும் நபீஸாவும்தான். நிதி தரும் நிறுவனத்து வெள்ளைக்காரப் பெண்மணி நெகிழ்ந்துபோய், இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்.

நபீஸா எழும்பினாள். "இவள் என்ட தங்கச்சி. இந்தப் புள்ள நான் பால் குடுத்த மகள். எங்கட மார்க்கத்தில அதுவும் சொந்தம்தான். நாங்க குடும்பமாத்தான் இருந்த நாங்க. பிரிச்சது நீங்க."

"நாடகம் வேணாம் ஐயா," என்றாள் யசோதினி. "நபீஸா ராத்தா என்னோட வந்திருக்க ஒரு அனுமதி தாங்க. அது போதும்."

நான் வாய் திறக்குமுன் ஐயா மொழிபெயர்ப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். முன்பின் தெரியாத இரு பெண்கள் இந்த நாடகத்தால் ஒரே நாளில் சகோதரிகளாகிவிட்டார்களாம். பெண்மணி கண்ணைத் துடைத்து இருவரையும் கட்டிப்பிடித்தார். புகைப்படம் எடுத்தோம். அனுமதியைப் பற்றி ஐயா பிறகு தனியே சொன்னார்: நாடகம் உணர்வுக்கு, வீடு சட்டத்துக்கு, இரண்டையும் குழப்பக்கூடாது. நபீஸா பஸ் நிலையம்வரை மேனுகாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஏழு வயதுப் பிள்ளை, இறக்கிவிடச் சொல்லவில்லை. பஸ் வந்ததும் நபீஸாவே இறக்கிவிட்டாள்.

அடுத்த வருடம் இதேபோல் இருநூறு குடும்பங்களை 'உருவாக்க' நிதி கிடைத்திருக்கிறது. அத்தனை தனித்த ஆட்களுக்கு எங்கே போவீர்கள் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். கடல் கொஞ்சப் பேரைத் தந்தது, யுத்தம் கொஞ்சப் பேரைத் தந்தது. குறைந்தால், நாங்கள் இன்னும் வீடு கட்டிக் கொடுப்போம்.