ஆறுச்சாமிக்குக் கீழே இரண்டு பேர்

லோகப்பிரியா சோமனூரில் தாய் வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆயிற்று. கணபதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கும் அவள் புருஷன் ஆறுச்சாமி ஒன்பது நாளாக உப்புமா தின்கிறார். பாவம், அதுவும் கட்டி கட்டியாக.

செய்த குற்றம் இதுதான். ஒரு கம்பெனியில் ஆறாயிரம் ரூபாய் கட்டினால் ஒரு செம்புத் தண்ணீர் பாட்டில் தருவார்கள். நமக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் உட்கார்ந்த இடத்தில் கமிஷன் வரும். அதில் சேர்ந்த ஆறுச்சாமி இளிச்சவாயன் தேடியபோது மச்சினன் மதன்குமார்தான் கிடைத்தான்.

"எந்தம்பிய உங்களுக்குக் கீழ போடறதுக்கு யாரைக் கேட்டீங்க? அவன் பேரை எடுத்துப்போட்டு வந்து என்னையக் கூப்புடுங்க" என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள் லோகப்பிரியா.

ஒரு பெயரை எடுக்க வேண்டுமானால் புதிதாக இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும் என்றது கம்பெனி. பெண்டாட்டி இல்லாத வீட்டில் மூளை எங்கே வேலை செய்யும்? பக்கத்துப் பட்டறை ரவிக்குமாரையும் பால்காரர் பாலுசாமியையும் சேர்த்தார். விஷயம் தெரிந்து ரவிக்குமார் வீட்டிலும் சமையல் நின்றது. பாலுசாமி பாலை நிறுத்தினார். மதன்குமாரின் பெயர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

உக்கடத்தில் வக்கீல் ஜபருல்லாவிடம் போய் அழுதார்.

"சாமானை வித்து லாபம் பாத்தா அது யாவாரங்ணா. ஆளைச் சேர்த்துவிட்டு, அவங்க கட்டுன காசுல பங்கு வாங்கினா, அது சட்டம் தடை பண்ணின பிரமிடுங்க. சேர்த்துவிட்டவரும் குத்தவாளிதான்."

"நான் மூணு பேரைச் சேர்த்துப்போட்டனுங்களே."

"அதனாலதான் சொல்றனுங்க, அந்த மூணு பேரும் முந்தறதுக்குள்ள நீங்களே போய் உண்மையச் சொல்லிப்போடுங்க."

ஆறுச்சாமி போலீசில் ஒன்றுவிடாமல் கொட்டினார். இரண்டே நாளில் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. புகார் ரசீதும் அல்வாவுமாக சோமனூருக்குப் பறந்தார்.

மாமியார் ராசாத்தாள் கதவைத் திறந்தார். லோகப்பிரியா உள்ளறையில் தாழ் போட்டிருந்தாள். ஆறுச்சாமி அந்தக் கதவைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்.

"அம்மணி, கம்பெனியவே இழுத்துப் பூட்ட வெச்சுட்டேன். சேர்த்துவிட்டவங்க ஒருத்தர் பாக்கியில்லாம போலீசு கூப்புடப் போகுது."

உள்ளே ஏதோ நாலைந்து பாத்திரங்கள் கணகணவென்று விழுந்து உருண்டன. கதவிடுக்கு வழியாக ஒரு செம்பு பாட்டில் மூடி வெளியே ஓடிவந்து அவர் காலடியில் படுத்தது.

ராசாத்தாள் அதைக் குனிந்து எடுத்தார்.

"தம்பியச் சேர்த்ததுல அவளுக்குக் கோவமில்லீங்க மாப்ள. தனக்குக் கீழ போட வெச்சிருந்த ஆளை நீங்க முந்திப் புடிச்சுப்போட்டீங்கன்னுதானுங்க."