சரிம்மா சார் சொன்ன ஒரே ‘முடியாது’

தாம்பரம் தொடங்கி பீச் ஸ்டேஷன் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், மனைவிக்கு அவரைவிடப் பணிந்த கணவர் கிடைத்திருக்க மாட்டார். எண்பதுகளில் சேலையூரில் எங்கள் தெருவாசி. சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் ‘சரிம்மா சார்’. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி எது சொன்னாலும், அவர் பதில் அந்த ஒரு சொல்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். காலை ரயிலில் என்னைப் பிடித்து வைத்து உபதேசம் செய்வார். “தம்பி, சரின்னு சொல்லிப் பாரு. பதினெட்டு வருஷமா எங்க வீட்ல சண்டையே கெடையாது.” அன்று மாலையே சொல்லிப் பார்த்தேன். என் மனைவி நெற்றியைத் தொட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

அவர் சொந்த வீடு கட்டியபோதுதான் வினை வந்தது. “சமையல்கட்டு ஜன்னலை கிழக்கே வைக்கலாமா, தெற்கேயா?” என்று அக்கா கேட்டார். “சரிம்மா” என்றார். கொத்தனார் காத்திருந்து பார்த்துவிட்டு, தனக்குத் தோதாகத் தெற்கே வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கம் எருமைக் கொட்டில்.

குடிபோன வாரமே எருமை ஒன்று கம்பிக்குள் நாக்கை நீட்டி, நறுக்கி வைத்திருந்த கீரை முழுவதையும் வழித்துத் தின்றுவிட்டது. மாட்டுக்காரரிடம் நியாயம் கேட்கப் போனதும் அக்காதான்.

“இன்னாக்கா, வாய்க்கு எட்னத துன்னுச்சு. ஜன்னல இங்க வெச்சது மாடா?” என்றார் அவர்.

அக்கா திரும்பி வந்து, “இதுக்கு என்ன பண்றது? நீங்களே ஒரு வழி சொல்லுங்க” என்றார்.

“சரிம்மா.”

“நான் கூடுவாஞ்சேரிக்கு எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடறேன்.”

பழக்க தோஷம். “சரிம்மா.”

அக்கா போயே விட்டார்.

பத்து நாள் சார் வெந்ததும் வேகாததுமாகப் பொங்கித் தின்றுவிட்டு, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குக் கிளம்பினார். அக்கா வாசலிலேயே நிறுத்தினார்.

“வரமாட்டேன். பதினெட்டு வருஷமா சுவரோட குடும்பம் நடத்திட்டேன். நானே யோசிச்சு, நானே முடிவெடுத்து, தப்பாப் போனா நானே அழணும். போதும், நீங்க கெளம்புங்க.”

அவர் வாய் வழக்கம்போலத் திறந்தது. வந்த சொல்லைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“முடியாது” என்றார். “நீ இல்லாம முடியாது. அந்த ஜன்னலை அடைச்சுட்டு கிழக்கே ஒண்ணு வைப்போம்.”

“கிழக்கேயா? காலைல வெயில் நேரா என் மூஞ்சிலதான் அடிக்கும். கொஞ்சமாவது யோசிச்சீங்களா?” என்று திட்டிக்கொண்டே அக்கா உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார்.

தாம்பரம் வரும்வரை ரயிலில் சண்டை. “அப்ப ஒரு தடுப்புப் போடு.” “தடுப்புப் போட்டா வெளிச்சம்?” பெட்டியே வேடிக்கை பார்த்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு சாரை மிகவும் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான்.

இப்போதும் ரயிலில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டபடி ஏறினால், எழுந்து இடம் கொடுத்துவிடுகிறேன். சரிம்மா சாருக்கே கொடுப்பதாக ஒரு நினைப்பு.