எனக்குப் பதிலாகப் படுத்த உப்புச் சாக்கு

உலகத்திலேயே கட்டிலுக்கு நாடி பிடித்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் பலகை நானாதான். அவருக்கு முன்னும் பின்னும் அப்படி ஒருவர் பிறந்ததாக நான் கேள்விப்படவில்லை. தொழில், மாம்புரிக் கரையில் வெடித்த ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடுவது. மனம் மட்டும் முழுக்க முழுக்கக் கட்டிலில். பைசிக்கிளின் பின்னால் நாலைந்து பலகைத் துண்டும் ஓர் உருண்டை நூலும் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை.

கலியாண வீட்டில் மற்றவர்கள் சாப்பாட்டுச் சஹன் தட்டில் இறைச்சி போதுமா என்று பார்ப்பார்கள். இவர் மாப்பிள்ளை, பெண்ணின் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். நோயாளியைப் பார்க்கப் போனால் கால் மணி நேரத்தில் நோயாளி விறாந்தைக் கதிரையில் இருப்பார். கட்டில் முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கும். “வள்ளமும் கட்டிலும் ஒண்டுதான் தங்கச்சி. அடிப்பலகை சரியில்லாட்டி மேல என்னத்த விரிச்சும் வேலயில்ல” என்பார். இவ்வளவும் சொல்கிற மனிதர் நடப்பதோ கூனிக்கொண்டு. கேட்டால், “என்ட கட்டிலப் பாக்க எனக்கெங்க நேரம்?” என்று போய்விடுவார்.

எனக்கு நாரி, அதுதான் இடுப்பு, பிடித்துக்கொண்டது என் கணவரின் அன்பினால். நாட்டில் சண்டை முடிந்து, கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரருக்காக ஹோட்டல்கள் முளைத்த காலம். ஏதோ ஒரு ஹோட்டல் கழித்துவிட்ட ஸ்பிரிங் மெத்தையை, “வெள்ளக்காரன் படுத்த மெத்த, சும்மாவா?” என்று லொறியில் ஏற்றிக் குறிஞ்சிப்பிட்டிவரை கொண்டுவந்து என் தனிக்கட்டிலில் போட்டார். படுத்தால் நடுவில் புதைந்துவிடுவேன். எழுப்பிவிட ஆள் வேண்டும். இரண்டு மாதத்தில், கீழே விழுந்த கரண்டியை எடுக்கக்கூட என்னால் குனிய முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் மக்காவுக்கு உம்ரா போகப் பெயர் கொடுத்திருந்தோம். பத்து வருட ஆசை. ஆட்களைக் கூட்டிப்போகும் ஹஸரத் வீட்டுக்கு வந்தார். நான் கதிரையை விட்டு எழும்பிய அழகைப் பார்த்தார்.

“பஸ் படி ஏற ஏலாட்டி எப்படி ராத்தா காபாவச் சுத்தி வாறது? அடுத்த மாசத்துக்குள்ள சரிவராட்டி உங்கட எடத்த வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்.”

அவர் போனதும் அழுதேன். உட்கார்ந்து அழ முடியாததால் நின்றுகொண்டே அழுதேன்.

கணவர் உடனே பலகை நானாவைக் கூட்டிவந்தார். நானாவின் வைத்தியம் எளிது. ஆள் மல்லாந்து படுக்க வேண்டும். நாரிக்குக் கீழே அவர் உள்ளங்கையை விட்டுப் பார்ப்பார். கை தாராளமாகப் போனால் மெத்தை கடினம். போகவே போகாவிட்டால் மெத்தை மெதுமை. கொஞ்சம் மல்லுக்கட்டிப் போனால் சரி. ஆனால் இங்கே படுக்க வேண்டியவள் நான். அந்நிய ஆணுக்கு முன்னால் படுப்பதாவது! நான் அறைத் திரைக்குப் பின்னால் ஒதுங்கினேன். எனக்கும் முந்தி நானா சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

“பிரச்சினயில்ல. தம்பி, தங்கச்சிக்குப் பதிலா நீங்க படுங்க.”

என் கணவர் தொண்ணூற்றைந்து கிலோ. படுத்தார். நானா கைவிட்டுப் பார்த்து, நூல் பிடித்து, ஸ்பிரிங் மெத்தையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். தும்பு மெத்தை ஒன்றைப் போட்டு, அதற்கடியில் பலகைக்கு மேல் பலகையாக அடித்தார். என் கணவர் அதில் குறட்டையே விட்டார். நான் படுத்தபோது கற்பிட்டிக் கோட்டைச் சுவரில் படுத்த மாதிரி இருந்தது. நாரிக்குக் கீழே கை என்ன, பூனையே போய்வரும்.

“நிறை பிழச்சிட்டு” என்று நானா ஒத்துக்கொண்டார். மறுநாள் தராசும் மூன்று உப்புச் சாக்குகளுமாக வந்தார். தோளுக்கு ஒன்று, நாரிக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. எது பெரிது என்று நான் சொல்லமாட்டேன்.

“உங்கட நிறைக்கு உப்பு நிறுத்துக் கிடத்தினா, கட்டிலுக்கு அதுதான் நீங்க. எத்தின கிலோ தங்கச்சி?”

திரைக்கு இந்தப் பக்கம் நான் யோசித்தேன். அந்தப் பக்கம் கணவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“அம்பத்தஞ்சி” என்றேன்.

கணவர் இருமினார்.

நானா சாக்குகளைக் கிடத்தி, கட்டில் எவ்வளவு தாழ்கிறது என்று நூல் பிடித்துப் பார்த்தார். “இவ்வளவு லேசான ஆளுக்கு இத்தின பலக என்னத்துக்கு?” என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழற்றினார். அன்று ளுஹர் தொழுதுவிட்டு ஆசையோடு சாய்ந்தேன். படார்! இரண்டு பலகை முறிந்து, கையும் காலும் மேலே தெரிய, கட்டில் சட்டத்துக்குள் கிடந்தேன்.

நானா திரும்பி வந்தார். முறிந்த பலகையைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். திரை இடுக்கால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கிவிட்டது.

“தம்பி, இது உப்புட பிழ” என்றார் கடைசியில். “கோடை உப்பு, காஞ்சி கனம் கொறஞ்சி போச்சி. இன்னொரு பத்துக் கிலோ போட்டுப் பாப்பமா?”

தராசில் நிறுத்த உப்புக்குக் கோடை என்ன, மாரி என்ன? ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க அந்த மனிதர் உப்பின் மேல் பழியைப் போட்டார்.

“பதின்மூணு போடுங்க நானா” என்றேன்.

நானா சிரிக்கவில்லை. கணவர் சிரித்தார். அன்று முழுக்க அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

இந்த முறை நாரிப்பக்கம் பலகைகளை நெருக்கி, தோள்பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டு அடித்தார். மூன்று வாரத்தில் நான் குனிந்து முற்றம் கூட்டினேன். ஹஸரத் வந்த அன்று வாசற்படியை ஏறி, இறங்கி, கேட்காமலே இன்னொரு முறையும் ஏறிக் காட்டினேன்.

காபாவை முதன்முதலாகக் காணும்போது கேட்கிற துஆ வீண்போகாது என்பார்கள். பிள்ளைகள், வீடு, சுவர்க்கம் என்று ஊரிலிருந்தே ஒரு பட்டியலைப் பாடமாக்கி வைத்திருந்தேன். கண்டதும் கண் நிறைந்துவிட்டது, பட்டியல் மறந்துவிட்டது. “யா அல்லாஹ், பலகை நானாட முதுக நிமித்தி வை” என்றுதான் வாயில் வந்தது. சொன்ன பிறகுதான் அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது என்பதே நினைவுக்கு வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அப்படி ஒரே ஒருவரைத்தானே அவன் படைத்திருக்கிறான்.