பேயண்ணையும் ஒரு சமையலறைச் சத்தமும்

லண்டன் மாநகரத்துப் பேய்கள் அத்தனையும் பயந்தது ஒரே ஒரு தமிழருக்குத்தான். அவர் எங்கள் பேயண்ணை. வெம்பிளியில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறைக்காரர். பெற்றோர் வைத்த பெயர் வீட்டுக்காரருக்கே மறந்துபோயிருந்தது.

அவர் எடுத்தது திகில் ஆவணப்படங்கள். பேயைக் கண்டேன் என்று யாராவது முனகினாலே கமராவோடு போய் நிற்பார். ஆனால் பேய் சோறு போடாதே! அதனால் கலியாண வீடியோ, பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியச் சடங்கு வீடியோ, குழந்தைகளுக்கு ஆனா ஆவன்னாப் பாட்டு, எல்லாம் ஒரே கணினியில், ஒரே நேரத்தில்.

ஒரு சனிக்கிழமை காலை பல் தீட்டப் போனேன். குளியல் தொட்டியில் கழுத்தெல்லாம் இரத்தமாக ஒரு பெண்! நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். பிணம் எழுந்து உட்கார்ந்து, "அண்ணை, நல்லா வந்திச்சுதோ?" என்றது.

"நீ பரவாயில்லை. தம்பியின்ர அலறல்தான் அருமை. பதிஞ்சிட்டன்" என்றார் கதவுக்குப் பின்னால் கமராவோடு நின்ற பேயண்ணை.

அடுத்த மாதம் ஹரோவில் ஒரு குடும்பம் உறவினரைக் கூட்டிவைத்துக் கலியாண வீடியோ பார்த்தது. மாப்பிள்ளை தாலி கட்ட, கெட்டிமேளத்துக்குப் பதில் என் அலறல்! பெண்ணின் தகப்பன் போனில் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

"சத்தம் மாறிப்போச்சுது ஐயா. ஆனா மாப்பிள்ளையின்ர முகத்துக்கு நல்லாப் பொருந்துது" என்றார் பேயண்ணை.

இப்படிப்பட்டவரின் பேய்ப்படத்தை வாங்க ஒரு தொலைக்காட்சி முன்வந்தது. கடைசிக் காட்சிக்கு அசல் பேய் வேண்டும் என்றது. ஹரோவில் மனைவியை இழந்த ராசநாயகம் ஐயாவின் சமையலறையில் பின்னேரங்களில் ஏதோ தட்டுகிறதாம். போனோம். மைக்கைப் பிடித்தது நான்.

டொக், டொக். நான் மைக்கோடு பேயண்ணையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

ஐயா சமையலறைப் பக்கம் திரும்பி, "ஓம் ஓம், தேத்தண்ணி குடிச்சிட்டன். பிரஷர்க் குளிசையும் போட்டிட்டன்" என்றார்.

பேயண்ணை டோர்ச்சோடு சிங்குக்கு அடியில் புகுந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஹீட்டிங் பைப். சூடு ஏற ஏறச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, அவதானே?" என்று கேட்டார் ஐயா.

பேயண்ணை கமராவைப் பெருவிரலால் அணைத்தார். "கமரா பழுதாப் போச்சுது ஐயா. எடுக்க ஏலாது."

காரில் ஏறியதும் கேட்டேன். "அண்ணை, அது பைப்தானே?"

"ஓம்."

"அப்ப படம்?"

"பைப் எண்டு சொன்னா அந்த மனிசனுக்குக் கதைக்க ஆளில்லை. பேய் எண்டு சொன்னா ஊரே வேடிக்கை, விடுப்புப் பாக்க வந்திடும். விடு."

அசல் பேய் இல்லையென்று தொலைக்காட்சி படத்தைக் கைவிட்டது. அவரோ மறுநாளே ஒரு சாமத்தியச் சடங்கை வெட்டி ஒட்டத் தொடங்கிவிட்டார்.

பிறகு அவர் வேறு ஊருக்குப் போனார். அவருடைய பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன். முன்னறை காலியாகக் கிடந்தது. அந்த வீட்டில் தனியே இருக்க அன்றுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.