தாயத்துக்கு எட்டில் ஒன்று

இனிமேல் தன் வீட்டில் எந்த வழக்கும் வாயால் தீர்க்கப்படாது, கணக்கால்தான் தீர்க்கப்படும் என்று கருத்தக்கண்ணன் சார் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலையில். மூன்றாவது இட்லிக்கும் நான்காவது இட்லிக்கும் நடுவில்.

காரணம் இருந்தது. கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். மதுரை கே.கே. நகர் வீட்டின் சமையலறை வாசலில் நின்று அவர் வாதாடிய வழக்குகள் ஏராளம். அதில் ஜெயித்தது எத்தனை என்று கேட்டால், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு, உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்றுக் கணம் என்று ஒன்று சொல்லிக்கொடுக்கிறாரே, அதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அன்றைய வழக்கைத் தொடங்கியது அவர் மனைவி ஜெயக்கொடி. கையில் சட்னிக் கரண்டி.

"என்னங்க, ஆரப்பாளையத்துல மீனான்னு ஒருத்தி டியூஷன் சென்டர் நடத்துறா. சனி, ஞாயிறு கணக்குக்கு ஆள் கேக்குறா. பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும். போகட்டுமா?"

இட்லி பாதித் தொண்டையில் நின்றது.

'போகாதே' என்று சொல்ல முடியாது. போன மார்ச்சில் மகளிர் தின விழாவில், பெண்கள் வெளியே வர வேண்டும் என்று மைக் சூடாகும் வரை பேசியவர் அவர். அந்த வீடியோ ஜெயக்கொடியின் செல்போனில் பத்திரமாக இருக்கிறது. 'போ' என்றும் சொல்ல முடியாது. அதற்கான காரணத்தை அவர் தனக்கே முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஜெயக்கொடி எம்.எஸ்சி. கணக்கு. பேரையூரிலிருந்து தினம் பஸ் ஏறி வந்து படித்து, முதல் வகுப்பு. கல்யாணமான புதிதில், அவர் தயாரித்த கேள்வித்தாளை மடித்து வைக்கப் போனவள், "ஏழாவது கேள்விக்கு விடையே வராதுங்களே" என்றாள். வரவில்லைதான். அன்றைக்கு அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கேள்வித்தாளைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

அதிலும் இப்போது அவர் உச்சத்தில் இருந்தார். முந்தின நாள்தான் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். பழைய பஸ் கிளம்புகிற மாதிரி இருக்கும்.

"ஹ்ரூம். கருத்தக்கண்ணன், என்னய்யா மாயம் பண்ணுனீங்க? நிபந்தனை நிகழ்தகவுன்னாலே பயலுக வருஷா வருஷம் தாண்டிக் குதிச்சு ஓடுவாய்ங்க. ஹ்ரூம். இந்தத் தடவை பதினோரு பேரு கரெக்டா போட்டிருக்காய்ங்க. அருண்பாண்டி போட்டிருக்கான்யா! ஹ்ரூம். புதன்கிழமை மத்த பள்ளிக்கூடத்து வாத்தியார்க எல்லாம் வர்றாங்க. எப்புடிச் சொல்லிக்குடுத்தீங்கன்னு ஒரு மணி நேரம் பேசுறீங்க."

அருண்பாண்டி பரீட்சைத் தாளில் வழக்கமாகச் சரியாக எழுதுவது தன் பெயரை மட்டும்தான். அதிலும் சில நாள் ஒரு துணைக்கால் குறையும். அவனே போட்டிருந்தான். பதினோரு பேரும் ஒரே மாதிரி: கட்டம் கட்டமாக வரைந்து, ஆகாத கட்டங்களைக் குறுக்கே அடித்து, மிஞ்சியதை எண்ணி விடை. கருத்தக்கண்ணன் சார் கட்டம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சூத்திரத்தைத்தான் எழுதிப் போட்டிருந்தார். 'நம்ம சொன்னதை அவனவன் மூளைக்குத் தக்கபடி மாத்திக்கிட்டான் போல' என்று பெருமைப்பட்டுக்கொண்டு அதோடு விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில் ஒரே வீட்டில் இரண்டாவது கணக்கு டீச்சரா?

தொண்டையில் நின்ற இட்லியைத் தண்ணீர் விட்டு இறக்கினார்.

"இந்தா பாரு ஜெயக்கொடி. நான் வேணாம்னா ஆணாதிக்கம்பாங்க. சரின்னா, வீட்டை யாரு பாக்குறதுன்னு உங்க அம்மாவே கேக்கும். நம்ம ரெண்டு பேரும் முடிவு பண்ண வேணாம். உங்க வீட்டுச் சீர்ல வந்த தாயக்கட்டை கெடக்குல்ல, எடுத்துட்டு வா. ஒரே உருட்டு. தாயம் விழுந்தா நீ போ. விழலைன்னா டியூஷன்கிற பேச்சே இந்த வீட்டுல இருக்கக் கூடாது. சம்மதமா?"

குரல் நீதிபதியுடையது. கணக்கு கள்ளனுடையது. பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு முகம். ஒரு முகம் வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால்தான் தாயம். மொத்தம் பதினாறு வகையாக விழலாம். தாயம் அதில் இரண்டே வகை. எட்டில் ஒன்று. மிச்ச ஏழும் கருத்தக்கண்ணன் சாருக்கு.

"சம்மதங்க" என்றாள் ஜெயக்கொடி. கட்டைகளோடு காலண்டரில் நேற்றைய தாளையும் கிழித்துக்கொண்டு வந்து அதன் முதுகில் கட்டம் போட ஆரம்பித்தாள். "எனக்கு இதெல்லாம் மறந்தே போச்சு. பதினாறு கட்டந்தானே?"

"பதினாறுதான்."

"அஞ்சு, ஆறு விழுந்தா மறு உருட்டு. ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னெண்டு, அதுக்கும் மறு உருட்டு. உண்டுல்ல?"

இதை அவர் யோசிக்கவில்லை. ஆனால் மறு உருட்டு கிடையாது என்று மதுரையில் நின்றுகொண்டு எவன் சொல்ல முடியும்?

"உண்டு. ஆட்டம்னா ஆட்டந்தான்."

"அஞ்சுக்கு ரெண்டு கட்டம், ஆறுக்கு ஒண்ணு, பன்னெண்டுக்கு ஒண்ணு. அப்ப அந்த நாலு கட்டம் கணக்குல வராது." சடக், சடக், சடக், சடக். நாலு கட்டங்கள் குறுக்கே அடிபட்டன. "மிச்சம் பன்னெண்டு. தாயம் ரெண்டு. ஆறுல ஒண்ணு, சரிங்களா?"

எட்டு ஆறாகிவிட்டது. இருந்தாலென்ன, ஆறில் ஐந்து இன்னும் அவர் பக்கம்.

"இன்னொண்ணுங்க. ரெண்டையும் சேத்து உருட்டுனா எனக்குப் படபடன்னு வரும். ஒண்ணொண்ணா உருட்டட்டா?"

"எப்புடி உருட்டுனாலும் கணக்கு மாறாது. கவனி, கவனி..." என்று வகுப்புக் குரலில் ஆரம்பித்தவர், முதல் கட்டை உருண்டு நின்றதும் நிறுத்திக்கொண்டார்.

ஒற்றைப் புள்ளி.

ஜெயக்கொடி பேனாவை எடுத்தாள். சடக் சடக்கென்று மூன்று வரிசை போயிற்று. மிஞ்சியது ஒரே வரிசை, நாலே கட்டம். "இப்ப நாலுல ஒண்ணு. இந்தாங்க, ரெண்டாவதை நீங்களே உருட்டுங்க. நான் உருட்டுனா கையை ஆட்டிட்டேம்பீங்க."

கட்டை அவர் உள்ளங்கையில் குளிர்ச்சியாகக் கிடந்தது. எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று, நாலில் ஒன்று. பித்தளை மாறவில்லை, முகங்கள் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் மாறியது தெரிந்த விஷயம் மட்டும்தான். இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி அழித்த பாடம். உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஜெயக்கொடி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மிஞ்சிய நாலு கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது கேள்வியைப் பார்த்தாளே, அதே பார்வை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வெறுமையே விழட்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

உருட்டினார். மூணு.

ஒண்ணும் மூணும் நாலு.

"நாலு! நாலு!" அந்த ஒரு நொடி எங்கே போனதென்றே தெரியவில்லை. இருபத்தோரு வருஷத்தில் முதல் வெற்றி. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

ஜெயக்கொடி கோபப்படவில்லை. "சரிங்க, போகல. மீனாவுக்கு மட்டும் நீங்களே போன் போட்டுச் சொல்லிருங்க. வேற ஆளைத் தேடணும்ல, பாவம்."

"சொல்லிட்டாப் போச்சு!" ஸ்பீக்கரில் போட்டார். குரலைத் தலைமையாசிரியர் அளவுக்குத் தடிப்பாக்கிக்கொண்டார். "ஹலோ, நான் ஜெயக்கொடி வீட்டுக்காரர் பேசுறேன். அவங்க டியூஷனுக்கு வரமாட்டாங்க."

மறுமுனையில் மீனா மூச்சு விடாமல் கொட்டினாள். "ஐயோ சார் அப்புடிச் சொல்லாதீங்க சார் முழுப்பரீட்சைக்கு ஒரு மாசந்தான் இருக்கு ஜூன்ல இருந்து மிஸ் சாயங்காலம் சாயங்காலம் வந்து பிளஸ் ஒன்னைத் தூக்கி நிறுத்தி வச்சிருக்காங்க திடீர்னு நின்னா பிள்ளைங்க கதி என்ன சார் அதுவும் அந்தப் பதினோரு பேரு இருக்காய்ங்களே அருண்பாண்டின்னு ஒருத்தன் தாயக்கட்டையை வச்சுக் கட்டம் போட்டுச் சொல்லிக்குடுத்தப்புறந்தான் சார் அவனுக்குக் கணக்கே..."

"அப்புறம் கூப்புடுறேன்" என்றார் கருத்தக்கண்ணன் சார். குரல் மெலிந்துவிட்டது.

மேஜைமேல் காலண்டர் தாள். கட்டம் கட்டமாக. ஆகாதவை குறுக்கே அடிபட்டு. அருண்பாண்டியின் தாளும் இப்படித்தான் இருந்தது.

"எட்டு மாசமாவா?"

"நீங்க பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சு ஏழு மணிக்கு வருவீங்க. நான் ஆறரைக்கெல்லாம் வந்துருவேன். நீங்க எங்க போனன்னு கேட்டதில்ல, நான் பொய் சொன்னதில்ல."

"அப்ப இன்னைக்கு மட்டும் எதுக்குக் கேட்ட?"

"சனிக்கிழமை நீங்க வீட்டுல இருப்பீங்கல்ல."

அவர் உட்கார்ந்தார். போட்ட கணக்கு மூன்றும் சரி. ஒன்றில்கூடத் தப்பில்லை. தன் பள்ளிக்கூடத்தின் பதினோரு பிள்ளைகள் தன் மனைவியின் மாணவர்கள் என்கிற ஒரு தகவல்தான் கையில் இல்லை.

"டியூஷன்கிற பேச்சே இருக்கக் கூடாதுன்னுட்டீங்க. இனிமே சாயங்காலமும் போகமாட்டேன்" என்றாள் ஜெயக்கொடி, கட்டைகளைத் துடைத்துக்கொண்டே. "வாக்குன்னா வாக்குதான்."

அவர் கண்முன்னால் முழுப்பரீட்சை வந்தது. அருண்பாண்டியின் வெள்ளைத் தாள் வந்தது. புதன்கிழமை வந்தது. காதுக்குள் ஒரு 'ஹ்ரூம்' கேட்டது.

"ஜெயக்கொடி... மறு உருட்டு ஒண்ணு உருட்டிப் பாத்தா என்ன?"

"நாலுக்கு ஏதுங்க மறு உருட்டு? நாலு விழுந்தா ஆட்டம் அடுத்த ஆளு கைக்குப் போயிரும். இப்ப என் கை." கரண்டியை எடுத்துக்கொண்டாள். "சாயங்காலமும் போவேன், சனி ஞாயிறும் போவேன். புதன்கிழமை அந்தப் பாடத்தைச் சொல்லிக்குடுத்தது யாருன்னு உங்க வாயாலேயே சொல்லணும். சனி ஞாயிறு குழம்பு உங்க பொறுப்பு. சம்மதமா?"

அவருடைய அதே 'சம்மதமா'. குரலில் அதே நீதிபதி.

தலையாட்டினார்.

ஒன்பதரைக்கு ஜெயக்கொடி தோளில் பையை மாட்டினாள். பைக்குள் தாயக்கட்டை கலகலத்தது. கருத்தக்கண்ணன் சார் மணிக்கட்டு வரைக்கும் புளிக்கரைசலில் கையை விட்டபடி, சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். தாயம் விழுந்திருந்தா?"

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "குழம்பை வச்சுட்டுத்தாங்க போயிருப்பேன்."