சாமி இல்லாத சப்பரம்

நாலு பட்டன் இருந்தது. அமுக்க ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

அந்த ஒருத்தி திலீபனின் மனைவி விஜி. மற்ற மூன்று பட்டனுக்கும் தேனியிலிருந்து மூன்று நண்பர்கள் வருவதாகப் பேச்சு. ஒருத்தன் போனை எடுக்கவில்லை. ஒருத்தனுக்குக் காலையில் திடீரென்று வேலை முளைத்துவிட்டது. மூன்றாமவன் மட்டும் நேர்மையானவன். ஒரு பட்டனை அமுக்குவதற்கு மார்க்கையன்கோட்டை வரைக்கும் பஸ் ஏறி வரணுமா என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

பெங்களூர் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்து திலீபன் செய்த விளையாட்டு அது. டி.வி. திரையில் ஒரு சப்பரம். நாலு மூலைக்கு நாலு ஆள். ஆளுக்கு ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் அந்த ஆள் ஓர் எட்டு வைப்பான். நாலு பேரும் ஒன்றாக அமுக்கினால் சப்பரம் தெருவில் நகரும். ஒருத்தர் பிசகினாலும் சாயும். இதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. இதற்கு அவன் ‘கூட்டு உடலின் பரிசோதனை’ என்று விளக்கம் எழுதி வைத்திருந்தான். வாழ்நாளில் ஒரு உர மூட்டையைத் தோளில் ஏற்றாதவனுக்குத்தான் பாரத்தைப் பற்றி இப்படியெல்லாம் தோன்றும்.

திரையில் ஓர் எழுத்து கிடையாது. மதிப்பெண் கிடையாது. யாரும் தொடாமல் விட்டால், கண்காட்சிக்கு வருகிறவர்களுக்குப் புரியட்டும் என்று, தானே நடந்து, தானே விழுந்து, தானே எழுந்து, கடைசியில் விழாமலும் நடந்து காட்டும். விழுந்த சப்பரம் சட்டென்று எழாது, கிடக்கும். அந்த மௌனத்தில் ஆடுகிறவர்கள் தங்களைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

“பட்டனுக்குள்ள ஒரு லைட்டாச்சும் வைக்கலாம்ல. அமுக்கினது தெரியும்” என்று விஜி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“தெரியக்கூடாது விஜி. உணரணும்.”

அன்றோடு அவள் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டாள். யோசனைக்குப் பதில் ஒப்பந்தம் போட்டாள். கொச்சியில் இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு ஒரு கண்காட்சி. அதற்கு ஆட்டங்களைத் தேர்வு செய்கிற கயல் என்கிற பெண் இன்று வீடியோ காலில் வந்து, நாலு மனிதர்கள் ஆடுவதைப் பார்ப்பாள். எடுத்துக்கொண்டால் திலீபன் இன்னும் ஒரு வருஷம் பட்டன் செய்யலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் சின்னமனூரில் மாமனாரின் வாழைக்காய் மண்டியில் உட்கார வேண்டும்.

அவன் அம்மா சுருளியம்மாளுக்கு இந்த ஒப்பந்தம் எதுவும் காதில் ஏறவில்லை. அவள் குறைகள் வேறு. விடிந்ததிலிருந்து ஊறுகிற அரிசி அப்படியே கிடக்கிறது. தலையணையெல்லாம் தரையில் கிடக்கிறது. வீடு முழுக்க வயர் ஓடி, சமையல்கட்டு ப்ளக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. நடந்தால் தடுக்குகிறது, கூட்டினால் மாட்டுகிறது.

“கொஞ்ச நேரம் பொறும்மா. கொச்சியிலிருந்து கூப்புடுவாக.”

“கொச்சிக்காரக வந்தா மாவாட்டப் போறாக?”

திலீபன் பட்டன் நாலையும் நாலு விரலால் தட்டிப் பார்த்தான். திரையில் நாலு ஆளும் ஒழுங்காக எட்டு வைத்தார்கள். திருப்தியோடு குளிக்கப் போனான்.

அவன் துண்டோடு திரும்பி வந்தபோது வாசலில் மண்டி வேன் நின்றது. ஆள் பற்றாக்குறைக்கு விஜி கண்ட வழி அது. மாமனார் முத்துவீரன் இறங்கினார். மாப்பிள்ளை செய்கிற தொழிலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. கூடவே, மண்டியில் வாழைத்தார் இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரியான இன்னாசியையும், அவன் மனைவி, சீப்பு அறுக்கிற மதலேனாளையும் ஏற்றி வந்திருந்தார். ஒரு லோடு தாரை இறக்காமல் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். விளையாடுவதற்காக.

முத்துவீரன் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“சாமி எங்க மாப்ள?”

“சாமி கெடையாது மாமா. வெறும் பாரந்தான்.”

“சாமி இல்லாத சப்பரத்தை எதுக்குத் தூக்கணும்?”

“அதான் மாமா கேள்வியே” என்றான் திலீபன் பெருமையாக.

“அதத்தான நானும் கேக்குறேன்.”

ஆள் கிடைத்ததும் அடுத்த வில்லங்கம் வந்தது. ஊர்ச் சப்பரத்தில் முன்பக்க வலது கொம்பைத் தூக்கும் உரிமை முத்துவீரன் வீட்டாருக்கு. அதை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்காகவே அவருடைய அப்பா ஒரு திருவிழாவையே நிறுத்தியிருக்கிறார். இன்னாசிக்கும் அவன் ஊர் மாதாகோவில் சப்பரத்தில் அதே முன்வலதுதான். இரண்டு பேரும் முன்வலது பட்டனுக்குப் போட்டிருந்த ஒரே தலையணையில் உட்காரப் போனார்கள்.

“மண்டியில நீங்க மொதலாளி. சப்பரத்துக்குக் கீழ எல்லாரும் ஒண்ணுதான மொதலாளி” என்றான் இன்னாசி.

“எல்லாரும் ஒண்ணுன்னா நீ பின்னாடி போ.”

“ஒண்ணா இருக்கப்ப நான் எதுக்குப் பின்னாடி போகணும்?”

முன்இடதும் முன்பக்கம்தான் என்று திலீபன் இன்னாசிக்கு எடுத்துச் சொன்னான். இன்னாசி இடதில் உட்கார்ந்தான், உட்கார்ந்த விதத்திலேயே பாதிக் கோபத்தைக் காட்டினான். பெண்கள் பின்னால். பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெருவும் தெரியாது, பெயரும் கிடைக்காது, பாரம் மட்டும் மிச்சம் என்று மதலேனாள் பொதுவாகச் சொன்னாள். யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

போன் அடித்தது. கொச்சி.

“ஹாய் திலீபன். எனக்கு ஸ்க்ரீன் வேண்டாம். அதை ஏற்கெனவே பாத்துட்டேன். முகங்களைக் காட்டுங்க. முகங்கள்தான் எனக்கு கேம்” என்றாள் கயல்.

திலீபன் டி.வி.க்கு முதுகைக் காட்டி நின்று, போனை நாலு முகங்களுக்கும் நேராகப் பிடித்தான். சமையல்கட்டிலிருந்து கிரைண்டர் கடகடவென்று உருள ஆரம்பித்தது. எரிச்சலோடு ஒரு காலை நீட்டிக் கதவைச் சாத்தினான்.

சப்பரம் கிளம்பியது. நாலு பேரும் அமுக்கினார்கள். முத்துவீரன் நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, கொசு அடிக்கிற மாதிரி அடித்தார். இன்னாசி ஒவ்வோர் அமுக்கலுக்கும் தோளை இறக்கி ஏற்றினான். தெரு நீண்டது. வேப்பமரம் கடந்தது. கிணற்று முனையில் திரும்பும்போது சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

விழுந்து கிடந்த நேரத்தில், திலீபன் ஏற்பாடு செய்திருந்தபடியே, எல்லோரும் யோசித்தார்கள். அடுத்தவரைப் பற்றி.

இன்னாசி முந்திவிட்டான் என்றார் முத்துவீரன். முதலாளி பிந்திவிட்டார் என்றான் இன்னாசி. திருப்பத்தில் உள்பக்கத்து ஆள் எட்டைக் குறுக்க வேண்டும், இது தூக்கினவனுக்குத்தான் தெரியும் என்று ஒரு பாடம் எடுத்தான். பட்டனை எப்படிக் குறுக்கி அமுக்குவது என்று விஜி கேட்டாள். பாதி அமுக்கணும் என்றான் இன்னாசி, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஆளுக்கு ஒரு தாளத்தில் அமுக்கினால் இப்படித்தான் ஆகும், ஒருத்தர் குரல் கொடுக்கட்டும் என்றான் திலீபன். குரல் கொடுக்கிற உரிமை முன்வலதுக்கு என்றார் முத்துவீரன். அதற்குள் திரையில் சப்பரம் எழுந்து நின்றுவிட்டது. சண்டையை அப்படியே போட்டுவிட்டுப் பட்டனுக்குப் பாய்ந்தார்கள்.

“ஏலே… வையி. ஏலே… வையி.”

அவர் குரலுக்கு வேப்பமரம் கடந்தது. கிணற்று முனை வந்தது. சப்பரம் அதே பக்கமாகச் சாய்ந்து, அதே இடத்தில் விழுந்தது.

குரல் கொடுத்தவர் மேல் இப்போது பழி வந்தது. வந்தது அவர் பெற்ற மகளிடமிருந்து.

“அப்பா, நீங்க வேணும்னுதான் விழ வைக்கிறீங்க.”

“நானா?”

“இது விழுந்தாத்தான இவரு திங்கட்கிழமை மண்டிக்கு வருவாரு. உங்களுக்கு மண்டியில உக்கார சம்பளமில்லாத ஆளு வேணும்.”

முத்துவீரன் முகம் கறுத்துவிட்டது. சுருளிமலை இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். தான் அமுக்கின பட்டன் ஒன்றுகூடப் பழுதில்லை என்றார். பெத்த மகளே பட்டனைப் பிடித்துச் சந்தேகப்பட்டபிறகு இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று செருப்பைத் தேடினார். சந்தேகம் திலீபனுக்கும் அதேதான். ஆனால் அவர் எழுந்துபோனால் முன்வலது காலியாகும், கொச்சி கையைவிட்டுப் போகும்.

“இதை கட் பண்ணிடாதீங்க. இந்த டென்ஷன் ரொம்ப ஒரிஜினலா இருக்கு” என்றாள் போனிலிருந்து கயல்.

மாமனாரை உட்கார வைக்க யாரையாவது எழுப்பியாக வேண்டும். திலீபன் சுற்றிப் பார்த்தான். இது மாதிரி நேரத்தில் எழுப்பப்படுகிறவன் எப்போதும் யாரோ, அவன்தான் இப்போதும் எழுப்பப்பட்டான்.

“இன்னாசி அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி இருங்க. உங்க தாளந்தான் ஒட்டல.”

“என் தாளமா?” என்றான் இன்னாசி. “தம்பி, என் தோள்ல தழும்பைப் பாக்குறீகளா?”

“தழும்பு இருக்குலே. பட்டன்ல ஒனக்குக் கை வரலை” என்றார் முத்துவீரன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

இன்னாசி வாசல்படியில் போய்த் திரும்பி உட்கார்ந்தான். இடதுமூலை காலி. சப்பரம் அதற்குள் எழுந்து நின்றுகொண்டிருந்தது. வேறு ஆளில்லை. மதலேனாள் புருஷனின் பட்டனைத் தன் பக்கம் இழுத்துப்போட்டு, வலதுகைக்கு ஒன்று, இடதுகைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாள்.

வேப்பமரம். கிணற்று முனை. முத்துவீரன் மூச்சைப் பிடித்தார். விஜி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். சப்பரம் சாய்ந்தது, ஆடியது, நின்றது. பிறகு அலுங்காமல் குலுங்காமல் திரும்பித் தேரடித் தெருவில் நடந்தது.

முத்துவீரன் துள்ளி எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். “இதுல வெசயம் இருக்கு மாப்ள. பாக்கத்தான் பட்டன். ஒவ்வொரு எட்டும் தோள்ல ஏறி எறங்குதுப்பா.” பொய்யில்லை. வலதுதோளை நிஜமாகவே நீவிக்கொண்டிருந்தார்.

கொச்சி உருகிக்கொண்டிருந்தது. “திலீபன், இவ்வளவு துல்லியமான கண்ட்ரோல்ஸ் நான் பாத்ததே இல்ல. ஒவ்வொரு அமுக்கலுக்கும் அந்த உடம்புகள் பதில் சொல்லுது. கடைசியில அந்த அம்மா ரெண்டு பேரோட பாரத்தை ஒத்தையா தூக்குனாங்க பாருங்க, அது பெரிய ஸ்டேட்மென்ட். நீங்க செலக்டட்.”

திலீபன் பணிவாக இருக்க முயன்றான். வரவில்லை. லைட் இல்லாத பட்டனின் தத்துவத்தைக் கயலுக்கு விளக்க ஆரம்பித்தான். அமுக்குகிறவனுக்கும் சப்பரத்துக்கும் நடுவில் எதுவுமே இருக்கக்கூடாது என்பதுதான் தன் கொள்கை என்றான். விஜி அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். ஆனால் அவர் மூளை வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணெல்லாம் மதலேனாளின் இரண்டு கைகள் மேல் இருந்தது.

“மதலேனாளு, நாளையிலருந்து நீதான் மேஸ்திரி. இம்புட்டு நாளா ரெண்டு ஆளு வேலைக்கு ரெண்டு ஆளு வச்சுருந்துருக்கேன் பாரு, நான் ஒரு கூமுட்டை. ஒராளு போதும்னு இங்கன கண்ணால பாத்துட்டேன். ஏலே இன்னாசி, நீ வேற மண்டி பாத்துக்க.”

வாசல்படியிலிருந்து இன்னாசி எழுந்தேவிட்டான். மதலேனாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மண்டியில் எத்தனை வருஷம் சீப்பு அறுத்தும் வராத பதவி, தலையணையில் உட்கார்ந்ததும் வந்துவிட்டது. மெல்லப் புருஷனைப் பார்த்து, “ஒனக்குக் கை வாகு பத்தலைய்யா” என்றாள்.

சமையல்கட்டில் கிரைண்டர் நின்றது. கதவு திறந்தது. முழங்கை வரைக்கும் மாவோடு சுருளியம்மாள் எட்டிப் பார்த்தாள். திலீபன் கையில் போன் இன்னும் கொச்சியோடுதான் இருந்தது.

“ஏலே திலீபா, மாவாட்டணுமேன்னு நீ குளிக்கப் போனப்பவே உன் பட்டன் வயரை ப்ளக்குலருந்து புடுங்கிப் போட்டேன். ஆட்டி முடிச்சாச்சு, வந்து மாட்டிக்க. பாவம், வெளையாட வந்தவக எம்புட்டு நேரமாச் சண்டை போட்டுக்கிட்டே காத்துக் கெடக்காக.”