நிலவறையை மூடிய நாடு

எண்கோட்டை என்றொரு நாடு இருந்தது. அங்கே ஜன்னலே கிடையாது. நாடு முழுவதும் ஒரே விளக்கின் வெளிச்சத்தில் நடந்தது. வாயிலில் மனுக்களை வாங்குவார்கள். நடுமண்டபத்தில் கணிப்பார் என்ற அதிகாரி நொடியில் தீர்ப்புச் சொல்வார். சொன்ன மறுகணமே மறந்துவிடுவார். அதனால் அவருக்கு வேண்டியதையெல்லாம் எதிரே ஒரு பெரிய மேசையில் எழுதிவைப்பார்கள். விளக்கு அணைந்தால் மேசையில் உள்ளது அழிந்துவிடும். ஆகவே ஆண்டுக்கொருமுறை திரி மாற்றுவதற்கு முன் அத்தனையையும் நிலவறைச் சுவரில் பொறித்துவிடுவார்கள். நிலவறை எதையும் மறக்காது. வெளியே ஒரு பலகை உண்டு. உள்ளிருந்து சொல்வதைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. ஆனாலும் நாட்டில் அதற்குத்தான் மரியாதை அதிகம்.

மேசையிலும் நிலவறையிலும் இல்லாதது நடக்கவேயில்லை என்பது அந்நாட்டுச் சட்டம்.

மன்னர் திருவாழி தருவதாகச் சொன்ன கால்வாய் எங்கே என்று கேட்டதற்காக ஏகாம்பரம் சிறையில் கிடந்தான். அவன் மனைவி செங்கமலம் மனு கொடுத்தாள். நிலவறையில் தேடினார்கள், மன்னரின் வாக்குறுதி பொறித்தபடியே இருந்தது. "குற்றமில்லை, விடுதலை" என்றார் கணிப்பார். தீர்ப்பு மேசையில் ஏறியது. திரி மாற்றிய மறுநாள்தான் சிறைக்கதவு திறக்கும் என்பதால் அவள் காத்திருந்தாள்.

மன்னருக்குத் தூக்கம் போயிற்று. தலைமைச் செயலர் அம்பலத்தரசரை அழைத்தார்.

"நிலவறை எதற்கய்யா?"

"பழையதை நினைவில் வைக்க, மன்னா."

"பழையது எதற்கு?"

செயலர் திகைத்தார். "அதை யாருமே யோசிக்கவில்லை, மன்னா!"

படியிறங்கி ஏறுவதில் நாட்டின் வேகம் குறைகிறதாம், நிலவறை மூடப்பட்டது. பலகை "வேகம்! வேகம்!" என்று மின்னியது. மக்களும் மகிழ்ந்தார்கள், வெட்கக்கேடு. அடுத்து, வாயிலில் வாழ்த்துகள் மட்டுமே வாங்கப்படும் என்று ஆணை வந்தது. மேசை வாழ்த்துகளால் நிறைந்தது, கணிப்பார் திணறினார். ஏகாம்பரத்தின் விடுதலை ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது.

விளக்கை அணைக்கும் நாளில் செங்கமலம் ஓடிவந்தாள். "ஐயா, எம்புருஷன் விடுதலைய மட்டுமாவது கீழ கொண்டுபோய்ப் பொறிச்சிடுங்கய்யா!"

"கீழே என்று ஒன்று இப்போது இல்லையம்மா" என்றார் செயலர், மிகுந்த கனிவுடன்.

விளக்கு அணைந்து மீண்டும் எரிந்தது. மேசை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"ஏகாம்பரமா?" என்றார் கணிப்பார். "அப்படி யாரும் கைதாகவே இல்லையே. கைதாகாதவரை எப்படி விடுவிப்பது?"

"அய்யோ, அவரு உள்ளதான்யா இருக்காரு! அவரு இருமல் சத்தம் இங்க கேக்குதே!"

கேட்டது. மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் நிமிரவில்லை.

மன்னர் முடிசூடியதும் மேசையில் இல்லை. சட்டப்படி அரியணை காலி, தேர்தல் அறிவித்தார்கள். செயலர் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். திருவாழியோ நிதானமாகத் தலைவாரிக்கொண்டிருந்தார்.

மாலையில் பலகை ஒளிர்ந்தது: "புதிய முகம் திருவாழி! இதுவரை ஒரு வாக்குறுதியைக்கூட மீறாதவர்! கால்வாய் தருவார்! சிறையில் வாடும் அப்பாவிகளை விடுவிப்பார்!"

கூட்டம் கைதட்டியது. கால்வாய் இல்லாமல் வயல் காய்ந்தவர்களும் தட்டினார்கள்.

செங்கமலம் தட்டவில்லை. வாயிற்காவலரிடம் போய், "அடுத்து விளக்க எப்பய்யா அணைப்பீங்க? வருஷம் கழிச்சுத்தானே?" என்று கேட்டாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இல்லம்மா. ஓட்டு எண்ணி முடிச்ச உடனேயாம்."